ஹெட் கேஸ்கெட் போன பழைய மாருதி 800: லேத் திறக்கும்வரை ஓட்ட வழி உண்டா?

அம்பை800:

வணக்கம். வண்டி 1998 மாருதி 800, கார்புரேட்டர் வைத்தது. பாபநாசம் போய்த் திரும்பும் வழியில் வெப்ப முள் சிவப்புக்கு ஏறிவிட்டது. ரேடியேட்டர் விசிறி சுற்றவில்லை. ஓரமாக நிறுத்தி, ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி வீடு வந்து சேர்ந்தோம். விசிறியின் சுவிட்சை மாற்றிவிட்டேன். இப்போது விசிறி ஒழுங்காகச் சுற்றுகிறது. ஆனாலும் ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே இருக்கிறது. தரையில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

எங்கள் ஊர் மெக்கானிக் பார்த்துவிட்டு ஹெட் கேஸ்கெட் என்கிறார். ஹெட்டைக் கழற்றினால் திருநெல்வேலி லேத்துக்கு அனுப்ப வேண்டும். பொங்கல் முடிந்துதான் வேலை எடுப்பார்களாம். அதற்குள் அம்மாவை உடற்பயிற்சிச் சிகிச்சைக்காகத் திருநெல்வேலிக்கு அழைத்துப் போக வேண்டும். முழங்கால் அறுவை முடிந்து சில வாரங்களே ஆகின்றன, பஸ் படி ஏற முடியாது. போக வர எழுபது கிலோமீட்டருக்கு மேல் வரும்.

உதிரிபாகக் கடையில் ஒரு பாட்டிலைக் காட்டினார்கள். ரேடியேட்டரில் ஊற்றினால் கேஸ்கெட் தானாக அடைத்துக்கொள்ளும் என்கிறார்கள். ஊற்றலாமா? வேறு தற்காலிக வழி ஏதாவது இருக்கிறதா?

பெரியகுளம் அம்பாசிடர்:

பாட்டிலைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் தண்ணீர் எங்கே போகிறது என்று கண்டுபிடியுங்கள். ‘ஹெட் கேஸ்கெட் போய்விட்டது’ என்று ஒரே வாக்கியமாகச் சொல்லிவிடுகிறார்கள், ஆனால் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும், சிலிண்டர்கள் இருக்கும் கீழ்ப்பகுதியான பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அந்த மெல்லிய தகடு ஒரே நேரத்தில் மூன்று பொருள்களைப் பிரித்து வைக்கிறது: எரியறையின் வாயு, குளிர்விக்கும் நீர், ஆயில். எது எதோடு கலக்கிறது என்பதைப் பொறுத்து விடை முற்றிலும் மாறும்.

நீர் எஞ்சினுக்கு வெளியே கசிந்தால், ஊற்றி ஊற்றி ஓட்டலாம். எரியறைக்கும் நீர்வழிக்கும் இடையில் ஓட்டை என்றால் கவனத்தோடு கொஞ்ச தூரம் ஓட்டலாம். இரண்டு சிலிண்டர்களுக்கு இடையில் கிழிந்திருந்தால் வண்டி உதறும், இழுக்காது. அந்த இடத்தில் வாயு ஊதிக்கொண்டே இருந்தால் உலோகத்தையே அரித்துவிடும். நீர் ஆயிலில் கலந்தால் ஒரு தெருக்கூட ஓட்டக் கூடாது. பேரிங்குகள் ஆயில் படலத்தின் மேல்தான் நிற்கின்றன. நீர் கலந்த ஆயிலில் அந்தப் படலம் நிற்காது. கேஸ்கெட் வேலையாக முடிய வேண்டியது கிராங்க் வேலையாகிவிடும்.

இவற்றைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஆயில் டிப்ஸ்டிக்கில் பால் கலந்த காப்பி நிறம் இருக்கிறதா? காலையில் முதல் ஸ்டார்ட்டில் வெண்புகை வருகிறதா, எவ்வளவு நேரம்? ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் குமிழிகள் வருகின்றனவா? ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸ், எஞ்சின் சூடாவதற்கு முன்பே கல்போல் இறுகுகிறதா? சூடான எஞ்சினில் அந்த மூடியைத் தொடக்கூடாது. பீறிட்டு வரும் கொதிநீர் முகத்தில்தான் அடிக்கும்.

அம்பை800:

நன்றி ஐயா. இன்று காலை பார்த்தேன். டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருக்கிறது. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் லேசாக மஞ்சள் கலந்த வெண்மை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் சற்றுநேரம் உதறுகிறது, இரண்டு சிலிண்டரில் ஓடுவதுபோல. வெண்புகை வருகிறது. பிறகு சீராகிவிடுகிறது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்தால் குமிழிகள் வருகின்றன, ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் கூடுகின்றன. மேல் ஹோஸ் சீக்கிரமே இறுகுகிறது.

லாரிக்காரர் மகன்:

என் அப்பா லாரி ஓட்டிய காலத்தில் ரேடியேட்டர் கசிந்தால் வழியில் ஏதாவது ஒரு கடையில் மஞ்சள் தூள் வாங்கிக் கொட்டுவார். ஒரு பிடி போதும், கசிவு நின்றுவிடும். சேலம் வரை போய் ஈயம் வைத்துக்கொள்வார். நாட்டு மருந்துபோல எத்தனையோ வண்டிகளைக் காப்பாற்றிய வழி அது. முதலில் அதைச் செய்து பார்க்கலாமே? செலவும் இல்லை.

வேதியியல் டீச்சர்:

மஞ்சள் தூள் வேலை செய்வது உண்மைதான், ஆனால் அது ரேடியேட்டர் ஊசித்துளைக்கு. அங்கே அழுத்தம் அதிகம் போனால் ஒரு பார் அளவு (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). தூள் ஊறி, உப்பி, துளையில் சிக்கி அடைக்கிறது. முட்டை வெள்ளைக்கருவை ஊற்றுவார்கள், மேலைநாடுகளில் மிளகுத் தூளும் இஞ்சித் தூளும் போடுவார்கள். எல்லாவற்றுக்கும் கொள்கை ஒன்றுதான். ஹெட் கேஸ்கெட்டில் பிரச்சினை வேறு. முழு விசையில் ஓடும் பெட்ரோல் எஞ்சினின் எரியறையில் உச்ச அழுத்தம் 40, 50 பார்வரை போகும். அந்த இடத்தில் மஞ்சள் தூள் நிற்காது. ஓட்டை அடைபடாமல் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள்தாம் அடைபடும். ஏற்கெனவே சூடாகும் வண்டிக்கு அது கெடுதல்.

அம்பை நண்பருக்கு: அறிகுறிகள் எரியறைக் கசிவையே காட்டுகின்றன. ஆனாலும் ஹெட்டைக் கழற்றுவதற்கு முன்னால் உறுதி செய்துகொள்ளுங்கள். பட்டறைகளில் இதற்கு ஒரு நீல நிறத் திரவம் வைத்திருப்பார்கள். ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் வாயுவில் கரியமில வாயு இருந்தால் அது மஞ்சளாகும். உங்கள் ஊரில் கிடைக்காவிட்டால் வெற்றிலைச் சுண்ணாம்பு போதும். நீரில் கரைத்து இரவு முழுதும் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் ஒரு கண்ணாடிக் குவளையில் எடுங்கள். கொஞ்சத்தைத் தனியே பிரித்து, உறிஞ்சுகுழாயால் மூச்சை ஊதிப் பாருங்கள். பால்போல் கலங்கினால் சுண்ணாம்பு நீர் நன்றாக இருக்கிறது என்று பொருள்.

பிறகு முற்றிலும் ஆறிய எஞ்சினில், ரேடியேட்டர் வாயில் தண்ணீரை இரண்டு விரல் அளவு குறைத்துவிட்டு, ஸ்டார்ட் செய்ததும் நீர்மட்டத்துக்கு மேல் உள்ள வாயுவை ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் இழுத்துச் சுண்ணாம்பு நீருக்குள் மெல்லச் செலுத்துங்கள். சில முறை செய்யுங்கள். பெட்ரோல் எரிந்த வாயுவில் கரியமில வாயு 12 முதல் 14 சதவீதம்வரை இருக்கும். சாதாரணக் காற்றில் 0.04 சதவீதம்தான், அது உடனே கலக்காது.

ஒன்று முக்கியம். நீங்கள் ஊற்றியிருப்பது போர்வெல் தண்ணீர் என்றால், அதில் கரைந்திருக்கும் பைகார்பனேட் சூட்டில் சிதைந்து தானாகவே கரியமில வாயு விடும். அதனால் எஞ்சின் சூடாவதற்கு முன், முதல் இரண்டு நிமிடத்துக்குள் சோதனையை முடித்துவிட வேண்டும். சூடானபிறகு கலங்கினால் அதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

வேகத்தடை:

எல்லோரும் பாட்டிலைப் பழிக்கிறீர்கள். நான் ஒரு பழைய ஆம்னியில் ஊற்றினேன். குமிழி நின்றது, தண்ணீர் குறைவதும் நின்றது. அந்த வண்டி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஹெட் வேலைக்குப் பணம் இல்லாதவர் என்ன செய்வார்? வண்டியின் மதிப்பே வேலைச் செலவின் அளவுக்கு வந்துவிட்ட நிலையில், எல்லோரும் ஹெட்டை இறக்குங்கள் என்று சொல்வது எளிது. இந்த நண்பர் நிரந்தரத் தீர்வு கேட்கவில்லை, சில நாள் ஓட வேண்டும் என்றுதான் கேட்கிறார்.

நெல்லை லேத்:

வேகத்தடை அவர்களுக்கு, உங்கள் வண்டியில் வேலை செய்தது என்பதை நம்புகிறேன். கசிவு சின்னதாக இருந்து, ஹெட் வளையாமல் இருந்தால் அப்படி நடக்கும். ஆனால் என் மேசைக்கு வரும் ஹெட்டுகளைப் பார்த்துப் பேசுகிறேன். பாட்டில் ஊற்றிய ஹெட் வந்தால் உடனே தெரிந்துவிடும். நீர்வழிகளில் வெள்ளைக் காரை படிந்திருக்கும், கம்பி விட்டுச் சுரண்டினால்கூட முழுதும் வராது. ரேடியேட்டரின் பாதிக் குழாய்கள் அடைபட்டிருக்கும். ஹெட்டைச் சரிசெய்து மாட்டி அனுப்பினால், அடைபட்ட ரேடியேட்டரால் எஞ்சின் மறுபடி சூடாகி, புதுக் கேஸ்கெட்டும் போய்விடும். வண்டிக்காரர் பாட்டிலுக்கு ஒருமுறை, வேலைக்கு ஒருமுறை, ரேடியேட்டருக்கு ஒருமுறை, மறுபடி வேலைக்கு ஒருமுறை என்று பணம் கொடுத்து நிற்பார். அவரிடம் பணம் இல்லை என்பதால்தான் பாட்டில் ஊற்றினார் என்பதை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

மாருதி 800-இன் கேஸ்கெட் விலை அதிகமில்லை. மூன்றே சிலிண்டர், சின்ன ஹெட், ஒரு ஆள் கையிலேயே தூக்கிவிடலாம். இந்தியாவில் ஓடும் கார்களிலேயே எளிதான ஹெட் வேலைகளில் ஒன்று. அதற்கு முன்னால் பாட்டிலை ஊற்றி வேலையைக் கடினமாக்காதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

வேறு வண்டியாக இருந்து, அது பழைய இரும்புக் கடைக்குப் போகும் நாள் தெரிந்துவிட்டது என்றால் ஊற்றுங்கள், தடையில்லை. ஆனால் ஊற்றியதை மறைத்து விற்காதீர்கள்.

வேதியியல் டீச்சர்:

அந்த வெள்ளைக் காரை என்னவென்று சொல்லிவிடுகிறேன். இந்தப் பாட்டில்கள் பலவற்றில் இருப்பது சோடியம் சிலிகேட் கரைசல், நீர்க்கண்ணாடி என்று பாடப்புத்தகத்தில் வரும். சூடான ஓட்டையின் விளிம்பில் நீர் ஆவியானதும் அது கண்ணாடிபோல் உறைகிறது. ஓட்டையிலும் உறையும், வேறு எங்கெல்லாம் சூடும் காற்றும் படுகிறதோ அங்கேயும் உறையும். பழைய வகைப் பாட்டில்கள் கூலண்டோடு (ரேடியேட்டர் நீரில் கலக்கும் குளிர்விப்புத் திரவம்) சேர்ந்தால் கட்டியாகிவிடும். அதனால்தான் பழைய கூலண்டை முழுதும் கழுவி வெறும் தண்ணீர் நிரப்பிவிட்டு ஊற்றச் சொல்வார்கள். பிறகு அந்தத் தண்ணீரை வடித்து எஞ்சினை உலரவிட வேண்டும். கடைக்காரர் இதையெல்லாம் சொல்லியிருப்பாரா என்பது சந்தேகம்.

ஸ்கார்பரோ சிவா:

கனடாவிலிருந்து எழுதுகிறேன். பாட்டிலுக்கு எதிராகவும் ஆதரவாகவும் இரண்டு செய்திகள்.

அமெரிக்காவில் 2009-இல் பழைய வண்டியை ஒப்படைத்தால் புது வண்டிக்குச் சலுகை தரும் அரசுத் திட்டம் நடந்தது. ஒப்படைத்த எஞ்சின்கள் திரும்பப் பயன்படாதபடி அழிக்க வேண்டும் என்பது விதி. அதற்கு அவர்கள் தேர்ந்த பொருள் இதே சோடியம் சிலிகேட்தான். ஆயிலை வடித்துவிட்டு, 40 சதவீதக் கரைசலை ஏறத்தாழ இரண்டு லிட்டர் ஆயில் வழியில் ஊற்றி எஞ்சினை ஓட்டுவார்கள். சற்று நேரத்தில் பேரிங்குகள் இறுகி எஞ்சின் நின்றுவிடும். நீர் ஆயிலில் கலக்கும் கேஸ்கெட் கசிவில் பாட்டிலை ஊற்றினால் அதே பொருள் அதே இடத்துக்குத்தான் போய்ச் சேர்கிறது. அளவு குறைவு என்பதுதான் வேறுபாடு.

மறுபக்கம், சுபாரு நிறுவனம் 1999 முதல் 2002 வரையிலான 2.5 லிட்டர் எஞ்சின்களில் கேஸ்கெட்டின் வெளிப்புறக் கசிவுக்காக, தன் பெயரிலேயே ஒரு கூலண்ட் சேர்மானத்தை ஊற்றச் சொன்னது. அதை ஊற்றியிருந்தால் கேஸ்கெட் உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல்வரை நீட்டிக்கப்படும் என்றது. வெளியே மெல்லக் கசியும் நீரை, அதுவும் அழுத்தம் குறைந்த இடத்தில், ஒரு சேர்மானம் நிறுத்தும் என்று தயாரித்தவர்களே ஏற்ற நிகழ்ச்சி இது. ஆனால் அந்தச் சேர்மானம் எரியறைக் கசிவுக்கு உரியதல்ல. பெரியகுளத்தார் முதலில் கேட்ட கேள்விதான் இங்கேயும் விடையைத் தீர்மானிக்கிறது.

அம்பை800:

டீச்சர் சொன்னபடி செய்தேன். வீட்டில் சுண்ணாம்பு இருந்தது. மூச்சை ஊதியதும் கலங்கியது. ரேடியேட்டர் வாயு சில முறை செலுத்தியதும் அதேபோல் கலங்கிவிட்டது, எஞ்சின் அப்போது கை வைக்கும் அளவுக்குத்தான் வெதுவெதுப்பு. ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிப் பார்த்தேன். இரண்டு வழக்கமான பழுப்பு நிறம். மூன்றாவது மட்டும் கழுவிவிட்டதுபோல் வெளுத்துச் சுத்தமாக இருக்கிறது.

ஆக, மூன்றாவது சிலிண்டர். இப்போது ஓட்டலாமா, கூடாதா? பெரியகுளத்தார் தவிர யாரும் நேராகச் சொல்லவில்லை.

ஹெட் போல்ட்டுகளை இன்னும் கொஞ்சம் இறுக்கினால் சரியாகுமா என்றும் மெக்கானிக் கேட்கிறார்.

பெரியகுளம் அம்பாசிடர்:

போல்ட் இறுக்குவதற்கு முதலில் பதில். என் அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சினில் ஹெட், பிளாக் இரண்டும் வார்ப்பிரும்பு. நாளடைவில் கேஸ்கெட் அமுங்கி நட்டுகள் தளர்ந்து லேசாகக் கசிந்தால், எஞ்சின் ஆறியபின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, ஒவ்வொன்றாகச் சற்றுத் தளர்த்தி இறுக்கும் விசையைக் காட்டும் டார்க் ரெஞ்சால் குறித்த அளவுக்கு இறுக்கினால் பல நேரம் நிற்கும். பிறகு வால்வு இடைவெளியையும் சரிபார்க்க வேண்டும். அந்தக் கால எஞ்சினுக்கு அது முறையான வேலை. உங்கள் ஹெட் அலுமினியம். லேத்காரர் சொல்லட்டும்.

ஓட்டுவதைப் பற்றி நேராகவே சொல்கிறேன். அம்மாவை ஏற்றிக்கொண்டு ஓட்டாதீர்கள். அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்குச் செங்கோட்டைப் பாதையில் ரயில் இருக்கிறது. நிலையத்தில் முன்கூட்டிச் சொல்லிவைத்துச் சக்கர நாற்காலி கேளுங்கள், அல்லது வாடகைக் கார் பிடியுங்கள். நடுவழியில் பத்தமடையில் வண்டி நின்றால், அறுவை செய்த காலோடு அவரை வெயிலில் உட்கார வைக்க வேண்டியிருக்கும்.

வண்டியை மட்டும் லேத்துக்குக் கொண்டுபோக வேண்டும், ரெக்கவரி வண்டி கிடைக்கவில்லை என்றால், ஒருமுறை மெல்ல ஓட்டிப் போகலாம். எப்படி என்று சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஸ்டார்ட்டர் தொடுவதற்கு முன் மூன்று பிளக்குகளையும் கழற்றிவிட்டு எஞ்சினைச் சுற்றுங்கள். இதை யாரும் சொல்வதில்லை. வண்டி நின்றிருக்கும்போது ரேடியேட்டரின் மிச்ச அழுத்தம் நீரை மூன்றாவது சிலிண்டருக்குள் தள்ளுகிறது, அதுதான் உங்கள் காலை உதறலும் வெண்புகையும். 796 சிசி, மூன்று சிலிண்டர் என்றால் ஒன்றுக்கு 265 சிசி. அழுத்த விகிதம் ஏறத்தாழ 9. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் முப்பத்துச் சொச்சம் சிசிதான், இரண்டு மேசைக்கரண்டி நீர். அதற்குமேல் நீர் இருந்தால் பிஸ்டன் ஏற முடியாது, நீர் சுருங்காது. கனெக்டிங் ராடு வளையும். பிளக் துளை வழியே நீர் பீறிட்டு வெளியேறிவிட்டால் ஆபத்து போயிற்று. கண்ணை அந்தத் துளைக்கு நேராக வைக்காதீர்கள். பிளக்கிலிருந்து கழற்றிய வயர்களையும் தீப்பொறி பறக்காதபடி செய்துவிடுங்கள்.

அடுத்து, ஆக்ஸிலரேட்டர். எரியறை அழுத்தம் நீங்கள் கேட்கும் விசைக்கு ஏற்பத்தான் உயர்கிறது. பாதி மிதித்தால் வாயு பாதிதான் கசியும் என்று கணக்காகச் சொல்ல முடியாது, ஆனால் லேசாக மிதித்தால் கசிவு மிகக் குறைகிறது. நல்லவேளையாக உங்கள் பாதை சமவெளி. அதிகாலையில் கிளம்புங்கள், ஏசி வேண்டாம், நாற்பதுக்கு மேல் போகாதீர்கள், கியரை உயர்த்தி எஞ்சினைத் திணற வைக்காதீர்கள். ஹீட்டர் இருந்தால் முழுதும் திறந்துவிடுங்கள், அது ஒரு சின்ன ரேடியேட்டர். முள் பாதிக்கு மேல் நகர்ந்தால் நிறுத்துங்கள். நிறுத்தியபின் முக்கால் மணி நேரமாவது ஆறவிட்டு, மூடியைத் துணியால் பிடித்துத் திறந்து, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள். கொதிக்கும் அலுமினியத்தில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடும்.

ரேடியேட்டர் மூடியை முதல் பல்லுக்குத் தளர்த்தி வையுங்கள். அழுத்தம் ஏறாமல் இருந்தால், எஞ்சினை நிறுத்தும்போது நீர் சிலிண்டருக்குள் போவது குறையும்.

நெல்லை லேத்:

மூடி விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை ஐயா. ஓடும்போது மூடி தளர்ந்திருந்தால் நீர் சீக்கிரம் கொதித்து வெளியேறும். வாயு போகும் வழியில் தண்ணீரையும் சேர்த்துத் தள்ளும். மூடி சரியான மூடியாக இருந்தால் அதுவே அளவுக்கு மேல் உள்ள அழுத்தத்தை விட்டுவிடும்.

வேதியியல் டீச்சர்:

கணக்கு இது: 0.9 பார் மூடியில் வெறும் தண்ணீர் ஏறத்தாழ 118 டிகிரியில்தான் கொதிக்கும். மூடி தளர்ந்தால் 100. அந்தப் பதினெட்டு டிகிரிதான் உங்கள் இருவரின் வாதத்துக்கும் நடுவில் இருக்கிறது. ஓடும்போது மூடி இருக்கட்டும். வண்டி நின்று நன்றாக ஆறியபின், இரவில் மூடியைத் தளர்த்தி வைக்கலாம். நிற்கும் நேரத்தில்தானே நீர் உள்ளே போகிறது?

பெரியகுளம் அம்பாசிடர்:

டீச்சர் சொல்வது சரி. அப்படியே செய்யுங்கள்.

வேகத்தடை:

மூன்றாவது சிலிண்டரின் பிளக் வயரைக் கழற்றிவிட்டு இரண்டில் ஓட்டினால்? அந்த அறையில் எரிதலே இருக்காது, வாயு கசியாது.

நெல்லை லேத்:

எரிதல் இருக்காது, ஆனால் பிஸ்டன் காற்றை அழுத்துவது நிற்காது. கசிவு குறையும், ஒழியாது. கார்புரேட்டர் வண்டியில் எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும், மிச்சம் சைலன்சருக்குள் போகும். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கும் வண்டியில் செய்யவே கூடாது, அது பழுக்கக் காய்ந்து தீப்பிடிக்கும் அளவுக்குப் போகலாம். நட்ட நடுக்காட்டில் மாட்டிக்கொண்டு அடுத்த ஊருக்கு ஊர்ந்து போவதற்கு மட்டும் அந்த வழி. வயரைத் தொங்கவிடாமல் எஞ்சின் உடலோடு தொடுத்து வைக்க வேண்டும். அம்பை நண்பருக்கு அது தேவையில்லை.

தெர்மோஸ்டாட்டை, அதாவது எஞ்சின் சூடானபின் ரேடியேட்டருக்கு நீரைத் திறந்துவிடும் வால்வை, கழற்றலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். இந்த ஒரு பயணத்துக்குக் கழற்றினால் தீங்கில்லை. ஆனால் நம் ஊரில் கழற்றியதைத் திரும்ப மாட்டுவதே இல்லை. எஞ்சின் உரிய சூட்டை அடையாமல் பெட்ரோலும் ஆயிலும் வீணாகின்றன. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் மேலே திறக்கும்போது கீழே இன்னொரு வழியை மூடும். அவற்றில் கழற்றினால் பாதி நீர் ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பிவிடும், சூடு கூடும்.

போல்ட் இறுக்குவது: வேண்டாம். வார்ப்பிரும்பைவிட அலுமினியம் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். அளவுக்கு மேல் சூடான ஹெட் போல்ட்டுகளுக்கு நடுவில் புடைத்து, ஆறும்போது வளைந்தே நின்றுவிடும். வளைந்ததை இறுக்கி நேராக்க முடியாது. சூட்டில் மென்மையான அலுமினியத்தில் போல்ட்டின் தலை அமுங்கும், மிஞ்சினால் பிளாக்கில் மரை போகும். அப்போது என்னிடம் ஹெட்டோடு பிளாக்கும் வரும்.

அம்பை800:

எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்கு ரயில் என்று முடிவாகிவிட்டது. அக்கா கூடப் போகிறாள். வண்டியில் பாட்டில் ஊற்றவில்லை, போல்ட்டையும் தொடவில்லை. பொங்கல் முடிந்த அடுத்த நாள் அதிகாலையில் மெதுவாக ஓட்டிக்கொண்டு வருகிறேன். மெக்கானிக்கும் கூட வருகிறார். லேத்காரரிடம் ஒன்று கேட்க வேண்டும்: ஹெட் கைக்கு வந்ததும் என்னென்ன பார்க்கச் சொல்ல வேண்டும்? பாதி வேலையோடு திரும்ப விருப்பமில்லை.

நெல்லை லேத்:

எந்த லேத்துக்குப் போனாலும் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

ஹெட்டின் அடிமுகத்தில் நேர்க்கோல் வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜால் பார்க்கச் சொல்லுங்கள். நீளவாக்கில், குறுக்காக, மூலைக்கு மூலை. 0.05 மில்லிமீட்டர் தகடு உள்ளே நுழைந்தால் ஃபேசிங், அதாவது முகத்தை இழைத்து நேராக்குவது, தேவை. எவ்வளவு குறைவாக எடுத்து நேராக்க முடியுமோ அவ்வளவுதான் எடுக்க வேண்டும். அதிகம் எடுத்தால் அழுத்த விகிதம் கூடி எஞ்சின் தட்டும். பிளாக்கின் முகத்தையும் அதே கோலால் பார்க்க வேண்டும், அதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

ஃபேசிங்குக்கு முன்பே விரிசல் சோதனை. நீர்வழிகளை அடைத்து, காற்றழுத்தம் கொடுத்து, சூடான நீரில் அமிழ்த்தினால் குமிழி காட்டிக்கொடுக்கும். விரிசல் பெரும்பாலும் வால்வு இருக்கைகளுக்கு நடுவில் இருக்கும். விரிசல் விட்ட ஹெட்டை எவ்வளவு பளபளப்பாக இழைத்தாலும் பயனில்லை.

எமரி தாளை வைத்துப் பிளாக்கைத் தேய்க்க விடாதீர்கள். துகள் ஆயில் வழியில் இறங்கும். பழைய கேஸ்கெட் ஒட்டியிருந்தால் மழுங்கிய சுரண்டியால் எடுக்க வேண்டும். போல்ட் துளைகளில் நீரோ ஆயிலோ தேங்கியிருந்தால் ஊதி உலர்த்திய பிறகே போல்ட் இறங்க வேண்டும், இல்லையேல் ரெஞ்ச் பொய்க் கணக்குக் காட்டும். டைமிங் பெல்ட் எப்படியும் கழற்ற வேண்டியதுதான், பழையது என்றால் புதிதாகப் போட்டுவிடுங்கள். வாட்டர் பம்ப்பையும் கையால் ஆட்டிப் பாருங்கள்.

ரேடியேட்டரைக் கழற்றி எடுத்து வாருங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டர் என்றால் உள்ளே சுண்ணாம்பு படிந்திருக்கும். விசிறிச் சுவிட்ச் மட்டும்தான் காரணமா, ரேடியேட்டரும் சேர்ந்ததா என்று அப்போதுதான் தெரியும்.

அம்பை800:

ரேடியேட்டரைக் கழற்றினால் வண்டி எப்படி ஓடி வரும் ஐயா? அங்கே வந்து கழற்றலாமா?

நெல்லை லேத்:

ஆமாம், ஓட்டி வந்தபின் கழற்றுங்கள். லேத் வாசலில் நிறுத்த இடம் இருக்காது, பக்கத்தில் ஒரு பட்டறையை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஹெட், ரேடியேட்டர், புதுக் கேஸ்கெட் செட் மூன்றும் கையில் இருந்தால் ஒரே நாளில் முடிந்துவிடும். நிரப்பும்போது போர்வெல் தண்ணீர் வேண்டாம். காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும் பாதிக்குப் பாதி.